மாட் பாடல்களுக்கு ஒரு சனிக்கிழமை இரவு: பிரைட்டன் உள்ளூர்க் குழுவின் கச்சேரி

இங்கிலாந்தின் தென்கரை நகரமான பிரைட்டனில், கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பப்பின் நிலவறைக் கூடத்தில், ஐவர் கொண்ட உள்ளூர்க் குழு ஒன்று சனிக்கிழமை இரவு மாட் பாடல்களை இசைத்தது. எட்டரை மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சி, நடுவில் அரை மணி நேர இடைவேளையுடன், பதினோரு மணிக்கு முடிந்தது. நுழைவுக் கட்டணம் 10 பவுண்டு. கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது என்பதையும், அதே நேரத்தில் இந்தக் குழு தன் திறமைக்கேற்ற அளவு துணியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவினர் ஐவரும் வார நாட்களில் வேறு தொழில் பார்ப்பவர்கள். மேடை அவர்களுக்கு வார இறுதி ஈடுபாடு. ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, அன்றிரவு ஒலித்த இசையையும் அது ஒலித்த இடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இத்தகைய குழுக்கள் தென் இங்கிலாந்தின் பல ஊர்களில் இருப்பதால், வேறு ஊரில் இப்படியொரு இரவுக்குப் போக நினைப்பவருக்கும் இது பயன்படக்கூடும்.

இந்த இசையோடு பழக்கமில்லாத வாசகர்களுக்குச் சிறிது பின்னணி தேவைப்படும். 1950களின் இறுதியில் லண்டனில் நவீன ஜாஸ் இசையை விரும்பிக் கேட்ட இளைஞர்கள் தங்களை மாடர்னிஸ்டுகள் என்று அழைத்துக்கொண்டார்கள். மாட் என்பது அதன் சுருக்கம். இத்தாலிய வெட்டில் தைத்த ஒடுக்கமான சூட், வெஸ்பா அல்லது லாம்பிரெட்டா ஸ்கூட்டர், விடிய விடிய நடனம் ஆகியவை அவர்களின் அடையாளங்களாயின. இளம் வயதிலேயே வேலைக்குப் போய், சம்பளத்தின் பெரும்பகுதியைத் துணிக்கும் இசைத்தட்டுக்கும் செலவிட்ட தலைமுறை அது. லண்டனின் சோஹோ பகுதியில், வார்டோர் தெருவிலிருந்த ஃபிளமிங்கோ, ஹாம் யார்டிலிருந்த தி சீன் போன்ற மன்றங்களில் அவர்கள் ஆடியது பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளுக்கும் ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்கா இசைக்குமே. தி ஹூ, ஸ்மால் ஃபேசஸ் ஆகிய குழுக்கள் அந்தச் சூழலில் வளர்ந்து, அந்தக் கூட்டத்துக்காகவே வாசித்தவை. 1970களின் இறுதியில், வோக்கிங் நகரத்தைச் சேர்ந்த தி ஜாம் என்ற மூவர் குழுவின் வழியாக இந்த இசையும் உடையும் அடுத்த தலைமுறையிடம் மீண்டும் உயிர் பெற்றன.

பிரைட்டனுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1964 மே மாத விட்சன் விடுமுறையில், மாட்களும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ராக்கர்களும் இந்த நகரத்தின் கூழாங்கல் கடற்கரையில் மோதிக்கொண்ட செய்தி நாடெங்கும் பரபரப்பாயிற்று. அத்தகைய மோதல்களைப் பத்திரிகைகள் எவ்வளவு பெருக்கிக் காட்டின என்பதைச் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது. ஆனாலும் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்த மோதல்தான் என்பது எனக்கு வருத்தமே. அதே 1964இல் தி ஹூ இந்நகரத்து அக்வேரியக் கட்டடத்தின் ஃபுளோரிடா ரூம்ஸ் அரங்கில் வாசித்தது. மாட்கள் விரும்பி அணிந்த, காலர் நுனியில் பொத்தான் வைத்த சட்டைகளைத் தயாரித்த பென் ஷெர்மன் நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது இங்கேதான். தி ஜாம் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியதும், 1982 டிசம்பர் 11 அன்று, இதே ஊரின் பிரைட்டன் சென்டர் அரங்கில். ஆகவே இங்கு மாட் பாடல்களை மேடையேற்றும் குழுவின் முன்னால் நிற்பவர்களில், அந்தப் பாடல்களை அவற்றின் உரியவர்களிடமிருந்தே கேட்டவர்களும் இருப்பார்கள். குழுவுக்கு அது பெரும் சுமை. கேட்க வந்தவருக்கோ அது நன்மை, ஏனெனில் இந்த ஊரில் அரைகுறையாக வாசித்துவிட்டுத் தப்ப முடியாது.

கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்குத்தான படிகளில் இறங்கிப் போனால், தாழ்ந்த கூரையும் செங்கல் சுவர்களும் கொண்ட நீண்ட அறை. நெருக்கி நின்றால் நூற்றைம்பது பேர் கொள்ளலாம். அன்று அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தார்கள். மேடையின் உயரம் ஒரு முழத்துக்கு மேல் இராது. நடுவில் இரண்டு தூண்கள் பார்வையை மறைக்கின்றன. வலப்புறச் சுவரை ஒட்டி நின்றால் மேடை முழுவதும் தெரியும். ஆனால் அந்த மூலையில் பேஸ் கிட்டாரின் ஒலி திரண்டு நின்று சொற்களை விழுங்கிவிடுகிறது. ஒலியமைப்பாளரின் மேசைக்கு இரண்டடி முன்னால் நிற்பதே சிறந்தது, ஏனெனில் அவர் தன் காதுக்குச் சரியாக வருமாறுதான் எல்லாவற்றையும் அமைக்கிறார். பாடகர் பாடிய முதல் இரண்டு பாடல்களில் அவர் குரல் கிட்டாருக்குக் கீழே புதைந்து கிடந்தது. மூன்றாவது பாடலுக்குள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். தாழ்ந்த கூரையுள்ள அறையில் ஐந்து கருவிகளை ஒன்றையொன்று அழிக்காமல் ஒலிக்கச் செய்வது எளிதன்று என்பதால் அந்த ஒலியமைப்பாளரைத் தாராளமாகப் பாராட்டலாம்.

வாசலில் ஏழெட்டு ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன, முன்புறம் நிறைய கண்ணாடிகளும் விளக்குகளும் பொருத்தப்பட்டு. அவற்றுள் ஒரு லாம்பிரெட்டா இந்தியாவில் செய்யப்பட்டது என்பதை அதன் உரிமையாளர் பெருமையோடு காட்டினார். இத்தாலியின் இன்னொசென்டி நிறுவனத்திடமிருந்து லாம்பிரெட்டா உற்பத்தியை வாங்கியது 1972இல் நிறுவப்பட்ட ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனம். இத்தாலியில் உற்பத்தி நின்ற பிறகும் லக்னோவில் அந்த வண்டிகள் உருவாகிக்கொண்டிருந்தன. நம் ஊர்களில் அதே நிறுவனத்தின் விஜய் சூப்பர் ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் உறவு வண்டிகளை ஆங்கிலேய இளைஞர்கள் இப்படிக் கொண்டாடினார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியளித்தது.

பிறர் பாடல்களை வாசிக்கும் குழுவை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நம் கோயில் திருவிழாக்களின் மெல்லிசைக் கச்சேரியில், இசைத்தட்டில் உள்ளது உள்ளபடியே வர வேண்டும் என்றுதான் கூட்டம் எதிர்பார்க்கும். இடையிசையில் ஒரு புல்லாங்குழல் துணுக்கு விட்டுப்போனாலும் முன்வரிசை முகம் சுளிக்கும். மாட் இசைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இந்த மரபு தொடக்கத்திலிருந்தே பிறர் பாடல்களை எடுத்துத் தன் போக்கில் வாசித்து வளர்ந்தது. தி ஹூவின் 1965ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரௌனின் பாடல்கள் இரண்டு உள்ளன. கிங்க்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாடலான ‘டேவிட் வாட்ஸ்’ 1978இல் தி ஜாம் குழுவின் பாடலாகவே மாறிப்போயிற்று. பிரைட்டனுக்கு அடுத்த ஊரான லூயிஸைச் சேர்ந்த தி லாம்பிரெட்டாஸ் 1980இல் வெற்றி கண்ட ‘பாய்சன் ஐவி’, அமெரிக்கக் குழுவான கோஸ்டர்ஸ் 1959இல் பாடியது. எனவே மூலத்தைப் போல இருக்கிறதா என்ற கேள்வி இங்கே இரண்டாம் இடத்துக்குப் போகிறது. ஆடவைக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா, தேவையற்ற ஒரு சுரம்கூட இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்பவையே முதல் கேள்விகள்.

அந்தக் கேள்விகளோடு பார்த்தால், முதல் பகுதியின் தொடக்கம் மிகச் சரியாக அமைந்தது. பாடகர் மேடைக்கு வருமுன் மற்ற நால்வரும் ‘கிரீன் ஆனியன்ஸ்’ வாசித்தார்கள். மெம்ஃபிஸ் நகரத்தின் புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழு 1962இல் பதிவுசெய்த கருவியிசை அது. அதை வாசித்தபோது ஆர்கன் கலைஞர் புக்கர் டி ஜோன்ஸுக்கு வயது 17. சொற்களற்ற, அடக்கமான, ஓரிடத்திலும் அவசரப்படாத அந்த இசைக்குக் கூடம் தானாகவே அசையத் தொடங்கியது. இங்கே கீபோர்டு கலைஞரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். அசல் ஹாமண்ட் பி-3 ஆர்கன் 190 கிலோ அளவுக்கு எடையுள்ளது. அதோடு சேரும் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியின் உள்ளே சுழலும் கொம்புதான் ஒலிக்கு அந்த அலையும் தன்மையைக் கொடுக்கிறது. அந்தப் படிகளில் இவற்றை இறக்குவது நடவாத காரியம். இவர் ஒரு சிறிய மின்னணுக் கீபோர்டில் அதே அலைவை, வேகம் கூடியும் குறைந்தும், பாடலின் உணர்ச்சிக்கு ஏற்றவாறு கையாண்டார். வலக்கையால் நிரப்பிக்கொண்டே போகாமல், பிறர் வாசிக்கும்போது விலகி நிற்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்று சொன்னாலும் மிகையாகாது.

அடுத்து தி ஹூவின் ‘ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்’, கிங்க்ஸின் ‘யூ ரியலி காட் மீ’ ஆகியவை வந்தன. இரண்டாவது பாடலின் கிட்டார் ஒலியைப் பற்றி ஒரு செய்தி பலரும் அறிந்ததே: 1964இல் கிங்க்ஸின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்பிளிஃபயரின் ஸ்பீக்கர்க் கூம்பைப் பிளேடால் கீறி, அந்தக் கரகரப்பான ஒலியைப் பெற்றார். இன்றைய கிட்டார் கலைஞர்கள் காலடியில் ஒரு பெடலை மிதித்து அதைவிடப் பல மடங்கு கரகரப்பைக் கொண்டுவரலாம். அதனாலேயே பல குழுக்கள் இந்தப் பாடலைக் கனமான ராக் இசையாக ஆக்கிக் கெடுத்துவிடுகின்றன. இந்தக் கிட்டார் கலைஞர் ரிக்கன்பாக்கர் கிட்டாரை வாக்ஸ் ஏசி30 ஆம்பிளிஃபயரில் நேரே இணைத்து, ஒலியின் ஓரங்கள் மட்டும் உரசும் அளவோடு நிறுத்திக்கொண்டார். பாடல் மெலிந்து, வேகமாக, பதற்றத்தோடு இருந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

தி ஹூவின் ‘மை ஜெனரேஷன்’ பாடலில் பேஸ் கிட்டார் கலைஞருக்குச் சோதனை. 1965ஆம் ஆண்டில் ஒரு பாப் பாடலின் நடுவே பேஸ் கிட்டார் தனியாக முன்வந்து வாசிப்பது மிக அரிது. தி ஹூவின் ஜான் என்ட்விசில் அதைச் செய்தார், இன்றுவரை ஒவ்வொரு பேஸ் கலைஞரும் அந்தச் சில நொடிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று அது பிசிறில்லாமல் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, பாடலின் பிற்பகுதியில் சுருதி படிப்படியாக மேலே ஏறும் இடங்களில் குழு முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பிய ஒழுங்கு. டிரம்ஸ் கலைஞர் மட்டும் இங்கே தடுமாறினார். தி ஹூவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் ஹை-ஹாட் தட்டுகளை அதிகம் நம்பாமல் டிரம்கள் மீது உருண்டுகொண்டே போனவர். அவரைப் பின்பற்ற முயல்பவர்கள் உருளுவதைப் பிடித்துக்கொண்டு தாளத்தை விட்டுவிடுகிறார்கள். அன்றும் இரண்டு இடங்களில் தாளம் முன்னே ஓடிப்போயிற்று. அதே கலைஞர் ஸ்மால் ஃபேசஸ் பாடல்களுக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, எளிமையாக, உறுதியாக வாசித்தார். தன் இயல்பு எதுவோ அதையே அவர் எல்லாப் பாடல்களுக்கும் கொண்டுவந்தால் போதும்.

முதல் பகுதியின் உச்சம் ஸ்மால் ஃபேசஸின் ‘ஆல் ஆர் நத்திங்’. 1966 செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்த பாடல் அது. அக்குழுவின் பாடகர் ஸ்டீவ் மாரியட்டின் குரலை ஒருவரும் திரும்பக் கொண்டுவர முடியாது. சிறிய உடலிலிருந்து அவ்வளவு பெரிய, கிழிந்துபோகும் விளிம்பில் நிற்கும் குரல் எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த நம் பாடகர் அதைப் போலிசெய்ய முயலவில்லை. பாடலை ஒரு படி கீழிறக்கி, தன் குரலின் நடுப்பகுதியில் வைத்து, இறுதிப் பல்லவியைக் கூட்டத்திடம் கொடுத்துவிட்டார். கூட்டம் அதை விட்டுக்கொடுக்காமல் பாடியது. மூலத்தை மதிப்பதற்கு இது நல்ல வழி. தன் எல்லையை அறிந்த பாடகரிடமே இதைக் கேட்க முடியும்.

இடைவேளையைப் பலரும் பீர் வாங்கும் நேரமாகக் கருதுவார்கள். இந்த இரவில் அதைத் தவறவிட்டவர் பாதியை இழந்தார். ஒரு டிஜே 45 ஆர்பிஎம் இசைத்தட்டுகளை மட்டும் கொண்டுவந்திருந்தார். டெட்ராய்ட்டின் மோட்டவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஆகிய இசைத்தட்டு நிறுவனங்களின் சோல் இசை, நடுவே பிரின்ஸ் பஸ்டரின் ஜமைக்கா ஸ்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டாம்லா மோட்டவுன் என்ற பெயரில் மோட்டவுன் நிறுவனம் பிரிட்டனில் தனி லேபிள் தொடங்கியது 1965 மார்ச்சில். அதற்கு முன்பே அந்த இசைத்தட்டுகளைத் தேடி அலைந்து வாங்கியவர்கள் மாட்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தட்டையான தோல் காலணியோடு, தோளை அசைக்காமல் காலடிகளை மட்டும் மாற்றி மாற்றி ஆடினார். இருபது வயதுப் பெண்கள் இருவர் அவர் எதிரே நின்று அந்த அடிகளைக் கற்றுக்கொண்டார்கள். அரை மணி நேரம் முழுவதும் தரை நிறைந்தே இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், என் முக்கியமான குறைக்கு இதுவே ஆதாரம்.

இரண்டாம் பகுதி பெரும்பாலும் தி ஜாம். மூவர் குழுவின் பாடல்களை ஐவர் வாசிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பால் வெல்லரின் கிட்டாருக்கும் புரூஸ் ஃபாக்ஸ்டனின் பேஸ் கிட்டாருக்கும் ரிக் பக்லரின் டிரம்ஸுக்கும் இடையே இருந்த வெற்றிடம்தான் அந்த இசையின் விறைப்பு. இரண்டாவது கிட்டாரும் கீபோர்டும் அதை நிரப்பினால் பாடல் மந்தமாகிவிடும். ‘கோயிங் அண்டர்கிரவுண்ட்’ பாடலில் அதுவே நடந்தது. 1980இல் வெளியான உடனே முதலிடத்தில் நுழைந்த அந்தப் பாடலின் சீற்றம், கீபோர்டின் போர்வைக்கு அடியில் அடங்கிப்போயிற்று. ‘டவுன் கால்ட் மாலிஸ்’ இதற்கு நேர்மாறு. 1982இல் வந்த அந்தப் பாடல் மோட்டவுன் தாளத்தின் மீதே கட்டப்பட்டது, ஆர்கன் அதன் முதுகெலும்பு. பேஸ் கிட்டார் தொடங்கிய கணத்தில் தூண்களுக்குப் பின்னால் நின்றவர்கள்கூட முன்னே வந்துவிட்டார்கள். அன்றிரவு குழு வாசித்தவற்றில் மிகச் சிறந்தது இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘டவுன் இன் தி டியூப் ஸ்டேஷன் அட் மிட்நைட்’ பாடலைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது. மனைவிக்காகச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நள்ளிரவில் வீடு திரும்பும் ஒருவனை, வலதுசாரிக் கூட்டங்களுக்குப் போய்வரும் முரடர்கள் சுரங்க ரயில் நிலையத்தில் அடித்துப்போடுவதைச் சொல்லும் 1978ஆம் ஆண்டுப் பாடல் இது. நேஷனல் ஃபிரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி லண்டன் தெருக்களில் ஊர்வலம் போன காலம் அது. அந்த ஆண்டுகளில் இரவு ரயிலில் தனியே வீடு திரும்பிய தெற்காசியர்களின் அச்சத்தை எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பாடலில் அடிவாங்குபவனின் கையில் இருப்பது ஆங்கிலேயர் ‘கரி’ என்று அழைக்கும் தெற்காசியக் குழம்புப் பொட்டலம் என்பதை நான் ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மெல்ல இறுக்கிக்கொண்டே போக வேண்டிய பாடல். குழு அதை ஆடத்தக்க வேகத்தில் பிடித்து, சொற்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பாடி முடித்தது. கூட்டம் கைகளை உயர்த்திப் பல்லவியைக் கூவியது. கூட்டத்தின் மீது குறையில்லை; வேகத்தை அமைத்தவர்கள் மேடையில் இருந்தவர்கள். இந்தப் பாடலை நிதானமாக, சொற்கள் கேட்கும்படி வாசிக்க மனமில்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

இனி முக்கியமான குறை. குழு வாசித்த இருபத்துச் சொச்சம் பாடல்களில், மாட்கள் உண்மையில் ஆடிய கறுப்பின இசையிலிருந்து வந்தவை இரண்டே இரண்டு: தொடக்கத்தில் வந்த ‘கிரீன் ஆனியன்ஸ்’, இறுதிக்கு முன் வந்த ‘ஹீட் வேவ்’. மற்றவை எல்லாம் வானொலியில் அடிக்கடி கேட்கும் ஆங்கிலேயக் குழுக்களின் வெற்றிப் பாடல்கள். ‘ஹீட் வேவ்’ தேர்வே இந்தக் குழுவுக்கு வழியைக் காட்டியிருக்க வேண்டும். 1963இல் மார்த்தா அண்ட் தி வாண்டெல்லாஸ் பாடியதை 1966இல் தி ஹூவும், 1979இல் தி ஜாமும் எடுத்துப் பாடினார்கள். இந்த மரபின் மூன்று காலங்களையும் ஒரே பாடலில் பார்க்கலாம். அதை வாசித்தபோது தரை இடைவேளையில் நிறைந்ததைப் போலவே நிறைந்தது, டிரம்ஸ் கலைஞரும் தன் சிறந்த நிலையில் இருந்தார், கீபோர்டு பாடலைத் தூக்கிச் சென்றது. சோல் இசைக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு ஆர்கன் கலைஞரை வைத்துக்கொண்டு, அவரைப் பெரும்பாலான பாடல்களில் ஓரமாக நிற்கவைப்பது பெரிய இழப்பு. ஸ்கா ஒன்றுகூட இல்லை. மேற்கிந்தியத் தீவு மக்களும் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்களும் வந்து போன ஃபிளமிங்கோ மன்றத்தில் வேரூன்றிய இசையை, வெள்ளைக் கிட்டார்க் குழுக்களின் வரலாறாக மட்டும் சுருக்குவது நியாயமும் ஆகாது. நான்கு பாடல்களை மாற்றினால் போதும். குழு வேறு தளத்துக்குப் போய்விடும். பாடகருடன் பெண்குரல் ஒன்று சேர்ந்தால் மோட்டவுன் பாடல்களுக்கு இன்னும் நன்மை.

உடையைப் பற்றிப் பேசாமல் மாட் இரவைப் பற்றி எழுத முடியாது. குழுவினர் மூன்று பொத்தான் கோட், குறுகிய டை, பளபளப்பான காலணி என்று ஒழுங்காக வந்தார்கள். எவரும் வேடம் போட்டதாகத் தோன்றவில்லை, தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தது தெரிந்தது. கூட்டத்தில் ஃபிரெட் பெர்ரி சட்டைகளும், அமெரிக்கப் படையினருக்காக வடிவமைக்கப்பட்ட மீன்வால் பார்க்கா மேலங்கிகளும் நிறைய இருந்தன. நிலவறையின் வெக்கையில் பார்க்காவைக் கழற்றாமல் நின்றவர்களின் உறுதியை மெச்சுகிறேன். சாதாரணச் சட்டையில் வந்தவரை எவரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாசிய முகம் அங்கே என்னுடையதும் என் நண்பருடையதும் மட்டுமே; இருவருக்கும் நல்ல வரவேற்பே கிடைத்தது.

பப்பின் சேவை சுமார். மதுமேடையில் இருவர் மட்டுமே இருந்ததால் இடைவேளையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மது அருந்தாதவருக்கு இனிப்புப் பானங்களைத் தவிர வேறொன்றுமில்லை. குடிநீர் கேட்டால் சலிக்காமல் கொடுத்தார்கள். நிலவறையில் உணவு கிடையாது. மேல்தளச் சமையலறை எட்டு மணிக்கு மூடிவிடுவதால் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. உட்கார ஆறேழு முக்காலிகள் மட்டுமே உண்டு. லிஃப்ட் இல்லை, முழங்கால் வலியுள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இந்தக் கூடத்துக்குள் வர இயலாது, இந்த இசையை இளமையில் கேட்டவர்களின் வயதை எண்ணிப்பார்த்தால் இது மன்னிக்கத்தக்க குறையன்று. ஒலியின் அளவு உரத்தது. முன்வரிசையில் நிற்க விரும்புகிறவர்கள் காதடைப்பான் கொண்டுபோக வேண்டும்.

நிகழ்ச்சி பதினோரு மணிக்குச் சரியாக நிறுத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்பனை உரிமம் பெற்ற இடங்கள் காலை எட்டு மணியிலிருந்து இரவு பதினோரு மணி வரை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட கூட்டத்துக்கு, தனி அனுமதியின்றி இசை நிகழ்ச்சி நடத்தலாம்; கூட்டத்தின் உச்சவரம்பு முதலில் 200 ஆக இருந்து 2015இல் 500 ஆக உயர்த்தப்பட்டது. சிறிய பப்களில் இத்தகைய குழுக்கள் தொடர்ந்து வாசிக்க இந்தச் சட்டம் பெரும் துணை. லண்டனிலிருந்து வருபவர்களுக்கும் அந்த நேரம் வசதியானது: விக்டோரியா நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம், ஆனால் வார இறுதிகளில் தண்டவாளப் பணிகளுக்காக ரயில்களுக்குப் பதில் பேருந்து விடுவது வழக்கம் என்பதால், புறப்படுமுன் கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

இதே கூடத்தில் இதே குழு மீண்டும் வாசிக்கவிருக்கிறது, நான் போவேன். தி ஜாம் பாடல்களுக்காக மட்டும் போகிறவர் இரண்டாம் பகுதிக்கு வந்தால் போதும் என்று நினைக்கலாம். டிஜே இசைத்தட்டுகளைச் சுழற்றும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டு ஒன்பது மணிக்காவது உள்ளே இருங்கள். ஆகஸ்ட் மாத இறுதி வங்கி விடுமுறையில் நாடெங்கிலுமிருந்து மாட்கள் ஸ்கூட்டர்களோடு பிரைட்டனில் கூடுவார்கள். அந்த வார இறுதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தங்குமிடத்தையும் நுழைவுச்சீட்டையும் பல வாரங்களுக்கு முன்பே பதிவுசெய்துகொள்ள வேண்டும், வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று வருபவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது.